மூன்றாவது அழுத்துக்கட்டை

பழவேற்காட்டில் துரை வீட்டு மேல்கூடத்தில் அன்று மாலை இருந்தவர்கள்: ஜன்னலோர நாற்காலியில் பீட்டர் துரை, மடியில் எஃகுக் கம்பி பூட்டிய கிதாருடன். அவருக்கு வலப்புறம், எழுத்து மேசையருகே முக்காலியில் அவருடைய எழுத்தன் நான். துரையின் காலடியில், தரையில் படகுத் தச்சன் அங்கமுத்து. சுவரோரம் பச்சையம்மா, அவள் முழங்காலை ஒட்டி மகள் செசிலியா. வாசலில் சேவகன் பெரியசாமி. அவனுக்கு உட்கார அனுமதி இல்லை.

பச்சையம்மா பஞ்சத்தில் கஞ்சிக்காக இந்த வீட்டுக்கு அடிமையானவள். மகள் இங்கேயே பிறந்தாள். பெயர் துரை வைத்தது. மறுநாள் அவர் ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பலேறுகிறார். அங்கே பெரிய வீடுகளில் தம் வாத்தியத்துக்கு செசிலியாவைப் பாடவைக்க வேண்டும் என்று ஆசை. ஒரு தடைதான். அவர் விரலுக்குப் பழகிய சுருதி அவள் குரலுக்குத் தாழ்வு. கிதாரின் கழுத்துக்குக் குறுக்கே ஓர் அழுத்துக்கட்டை வைத்து எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தினால் சுருதி ஏறும். பழைய கட்டையின் திருகு உப்புக்காற்றில் இற்றுவிட்டது. புதியது அமைந்தால் செசிலியா மட்டும் அவருடன் போகிறாள். அமையாவிட்டால் சமையலறையிலேயே கிடக்கட்டும் என்று காலையில் சொல்லிவிட்டார். வேண்டுமென்றே கெடுத்துப் பாடவும் முடியாது; அவள் குரலை அவர் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறார்.

ஆகவே பச்சையம்மா, புதிய கட்டை செய்து வரச் சொல்லப்பட்டிருந்த அங்கமுத்துவை மதியமே கிணற்றடியில் பிடித்தாள். நானும் அங்கிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணுகூட சரியா வரக்கூடாது. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"கெடுக்கறதுக்கு இன்னா வித்தை வேணும் தங்கச்சி? நீ போ, நான் பாத்துக்கறேன்."

மாலையில் அங்கமுத்து முதலில் பூவரசங்கட்டையை நீட்டினான். கிதாரின் கழுத்தோ அகலம். ஓரக்கம்பி கட்டைக்கு வெளியே நின்றது. "குட்டை" என்று துரை தூக்கி எறிந்தார்.

அடுத்தது எருமைக்கொம்பு. வளைவு நடுக்கம்பிகளை மட்டும் அழுத்த, ஓரத்தில் இருந்தவை ஈயாய் முனகின.

"இன்னா அங்கமுத்து, மாட்ட வழியிலே உட்டுட்டு கொம்ப மட்டும் கொண்டாந்துட்டியா?" என்றான் பெரியசாமி.

"மாடு வாசல்ல நிக்குது, பாரு."

துரைகூடச் சிரித்தார். பச்சையம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவது, துரையே அளவு கொடுத்துத் தம் கண்ணெதிரில் செதுக்கவைத்தது. நேரான வேலமரம், அடியில் ஆட்டுத்தோல். கெடுக்க மிச்சமிருந்தது கட்டு மட்டும். அங்கமுத்து சணல்நூலைச் சுற்றி, கழுத்தின் பின்புறம் தளர்வாகவே முடிந்தான். துரை மீட்டினார். எல்லாக் கம்பியும் கரகரத்தது. அவர் பெருமூச்சுவிட்டார். பச்சையம்மாவின் கை மகளின் முதுகில் மெல்ல இறங்கியது.

அப்போது அங்கமுத்து பக்கத்திலிருந்த தண்ணீர்க் கூஜாவில் விரல் நனைத்து, நூல்மீதும் முடிச்சின்மீதும் தடவினான்.

கட்டுமரம் கட்டுகிறவர்கள் எந்த முடிச்சையும் ஈரம் காட்டாமல் விடுவதில்லை. நனைந்த சணல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். தடவி முடித்த பிறகுதான் அவன் விரல் அப்படியே நின்றது.

துரை மறுபடி மீட்டினார். கரகரப்பு பாதியாகியிருந்தது. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"முடிச்சு சரியில்லே துரை, அவுத்துக் கட்டறேன்" என்று அங்கமுத்து கையை நீட்டினான்.

"தொடாதே."

செசிலியாவைப் பாடச் சொன்னார். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பாடினாள். குரலும் கம்பியும் விலகவே இல்லை.

"இன்னாண்ணே பண்ணிட்டே?" என்றாள் பச்சையம்மா, பாட்டுக்கு நடுவே, தாழ்ந்த குரலில்.

"நான் பண்ணல தங்கச்சி. கை... கை பண்ணிடுச்சு."

துரை என் பக்கம் திரும்பினார். கப்பல் தலைவனுக்குக் கடிதம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: நாளை என்னுடன் ஓர் அடிமைப் பெண்ணும் ஏறுவாள். மேல்தட்டில் வேண்டாம். தண்ணீரில் குதிக்க வழியில்லாத இடமாகப் பார்த்து வைக்கவும்.

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். பச்சையம்மா எழுந்திருக்கவில்லை.

அரக்கை உருக்கி ஊற்றினேன். துரை மோதிரத்தை அழுத்தினார். அந்நேரத்தில் முகத்துவாரம் தாண்டிக் கப்பலுக்குப் போகக் கரையில் கிடந்தது அங்கமுத்துவின் கட்டுமரம் ஒன்றுதான். பெரியசாமி கடிதத்தை மடியில் செருகி முன்னால் உட்கார்ந்துகொண்டான். அங்கமுத்து மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளினான்.