நாற்பதாவது இடம்

ஜியாவுதீனுக்கு ஜூன் மாதம் என்றால் தலைக்கு மேல் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய அவருடைய கடையில், ஜிப் போனதும் வார் அறுந்ததுமாகப் பள்ளிக்கூடப் பைகள் குவிந்து கிடக்கும். அப்படியும் அந்த வியாழக்கிழமை கடையைத் திறக்காமல், மகள் நஸ்னீனை அழைத்துக்கொண்டு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறைவிடப் பள்ளிக்குப் போனார்.

ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி அது. ஒன்பதாம் வகுப்பில் நாற்பதே பிள்ளைகள். மாவட்டத்துக்கே ஒரு தேர்வு வைத்து எடுப்பார்கள். எடுத்துவிட்டால் பன்னிரண்டாவது வரை படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நஸ்னீன் நாற்பத்தொன்றாவதாக வந்திருந்தாள். நாற்பதாவதாக வந்தவள் செவிலிமேட்டுச் சந்தியா. இருவருக்கும் நடுவே அரை மதிப்பெண்.

சந்தியா இதற்கென்றே இரண்டு வருடம் கோச்சிங் போனவள். நஸ்னீன் பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, அப்பாவின் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே கடையில் உட்கார்ந்து படித்தவள். விடைத்தாளில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தாலாவது ஒருவரைத் திட்டி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். சந்தியா மட்டும் சேரவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சென்னையில் ஒரு பெரிய பள்ளியின் முடிவுக்காக அவள் வீட்டில் காத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, திங்கட்கிழமையே ஜியாவுதீன் அவள் அப்பா ராமராஜனைப் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார்.

"சென்னை முடிவு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே இத விட்டுடறேன், பாய். இன்னொரு புள்ள எடத்த சும்மா புடிச்சி வெச்சிக்கிற ஆளு இல்ல நானு."

வியாழக்கிழமை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது, அதற்குள் சொல்லிவிடுங்கள் சார் என்று கேட்கத்தான் ஜியாவுதீன் வழியெல்லாம் மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தார். ஒருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அவருக்குக் கெடு வைப்பதா? கூச்சம் பிடுங்கித் தின்றது. படித்தவர், பள்ளி அனுப்பிய கடிதத்தில் பார்த்திருப்பார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, மறந்துடாதீங்க சார் என்பதோடு எழுந்து வந்துவிட்டார்.

வியாழன் காலை ஒன்பதிலிருந்து அப்பாவும் மகளும் அலுவலக பெஞ்சில் காத்திருந்தார்கள். நஸ்னீன் சான்றிதழ் ஃபைலை மடியைவிட்டு இறக்கவில்லை. அலுவலகத்துக் கமலாட்சி மணிக்கொரு தரம் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாலரை மணிக்கு ஜியாவுதீன் ராமராஜனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை போட மறுபடியும் அதே கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

ஐந்து அடித்ததும் கமலாட்சி பதிவேட்டை மூடினாள். நஸ்னீன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

"வேணாம்னு சொல்றவங்களுக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஆன்லைன் தெறந்திருக்குது, பாய். அடுத்த ஆள சேக்கறது அஞ்சோட சரி. இனிமே அவங்க விட்டாலும் அது காலியாத்தான் கெடக்கும்."

ரெண்டுக்கும் ஒரே நேரம் வைக்கக் கூடாதா என்று கேட்டார். நான் வைத்த நேரம் இல்லையே என்றாள் அவள். பாவம், உள்ளே போய் முதல்வரிடமும் கேட்டுவிட்டு வந்தாள். அதே பதில்தான் வந்தது.

பஸ்ஸில் நஸ்னீன் என்னாச்சு என்று கேட்டதற்கு, பாக்கலாம்மா என்றார். முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. நேராகக் கடைக்கு வந்து, தேங்கிய பைகளில் ஒன்றை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார். ராத்திரி எட்டரை மணிக்கு ராமராஜன் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"சென்னையில கெடச்சிடுச்சி, பாய். அங்க செல்போன உள்ள விடல, அதான் எடுக்க முடியல. அஞ்சரைக்கு வெளிய வந்ததும் மொத வேலையா இங்க வேணாம்னு போட்டுட்டு, வீட்டுக்குக் கூட போவாம வந்துக்கினு இருக்கேன். காலைல மொத ஆளா போயி பாப்பாவ சேத்துடுங்க."

நஸ்னீன் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஜியாவுதீனால் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் இந்த மனிதர் இடிந்து போவார். இடிந்து போய் என்ன? இடம் வரப்போவதில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"ரொம்ப நன்றி சார்" என்றார்.

ராமராஜன் நஸ்னீனின் தலையைத் தொட்டு, நல்லாப் படிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மாவுக்கு போன் போடவா அத்தா?"

"வேணாம்மா" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கமலாட்சி சொன்னதை அப்படியே சொன்னார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பார், அதுவாவது அவர் கையில் இருந்தது.

"அப்போ அந்த எடத்துல யாரு படிப்பாங்க?"

"யாரும் இல்லம்மா."

"நாலு வருஷமுமா?"

ஜியாவுதீன் ஆமாம் என்று தலையாட்டினார்.