இருபதாவது பிள்ளை

கேள்வி வந்தது மூன்றாவது வரிசையிலிருந்து.

அதுவரை கூட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஜெயரூபி அதிபராக வந்து எட்டு மாதம். வந்த முதல் கிழமையே பழைய பதிவேடுகளைப் புரட்டியவள் திகைத்துப்போனாள். பத்து வருடத்தில் பல்கலைக்கழகம் போனவர்கள் மூன்றே மூன்று பேர். மற்றவர்கள் பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு எங்கே போனார்கள் என்று பதிவேட்டில் இல்லை, ஊருக்குத் தெரியும். பெடியன்கள் கடலுக்கு, பெட்டைகள் கலியாணத்துக்கு, இரண்டும் சரிவராதவர்கள் வேலை தேடிக் கட்டாருக்கு. ஜெயரூபி விடவில்லை. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கித் தொழிற்பிரிவு ஒன்றுக்கு அனுமதி வாங்கினாள். இரண்டு வருடப் படிப்பு. ஹோட்டல் வேலை, கணினி, ஆங்கிலம், ஆறு மாதம் நேரடிப் பயிற்சி, முடிவில் அரசாங்கச் சான்றிதழ். அதைத்தான் பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றவள் பரீதா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுடைய மகள் ரிப்கா அப்போதுதான் பதினோராம் வகுப்பை முடித்திருந்தாள்.

“மேடம், ஒண்டு கேக்கட்டா? இங்க படிப்பிக்கிற டீச்சர்மார் எல்லாரும் சொந்தப் புள்ளையள வேனில டவுனுக்கு அனுப்புறீங்க. எங்கட புள்ளையளுக்கு மட்டும் இந்தப் படிப்பு நல்லமெண்டு சொல்றீங்க. அவ்வளவு நல்லமெண்டா உங்கட மகளயும் இதுல விடுவீங்களா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஜெயரூபியின் ஒரே மகள் விதுர்சிகாவும் அந்த டவுன் வேனில் போகிறவள்தான். சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. டவுன் பள்ளிக்கூடத்து உயர்தர உயிரியல் வகுப்பில் அவளுக்கு இடமும் உறுதியாகிவிட்டது.

நான்கைந்து தாய்மார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பத் தொடங்கினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டினால் எட்டு மாத அலைச்சலும் அதோடு சரி.

“விடுவன்,” என்றாள் ஜெயரூபி. “அவளும் இதிலதான் படிப்பாள்.”

மண்டபம் கைதட்டியது. பொழுதுபடுவதற்குள் விதுர்சிகாவோடு சேர்த்து இருபத்திநான்கு பெயர் பதிவாயிற்று. முதல் பெயர் ரிப்கா.

அன்புவழிபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜெயரூபி போய்ச் சேருமுன்பே அந்தச் செய்தி போய்விட்டது. ஓர் ஆசிரியை அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

விது மேசையில் இருந்தாள். எதிரே மண்ணிறத் தாளில் உறை போட்ட உயிரியல் புத்தகம், பக்கத்தில் கைபேசி. சின்ன வயதிலேயே குசினியில் மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து, செவுளைப் பிரித்துக் காட்டச் சொல்லி உயிரை எடுக்கிற பிள்ளை அவள்.

“அம்மா, அது கூட்டத்துக்காகச் சொன்னதோ, இல்லாட்டி உண்மையாவோ?”

ஜெயரூபி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். ஒரு வருடம்தான் என்றாள். பிரிவு தன் காலில் நின்றுவிட்டால் பிறகு தானே கொண்டுபோய் டவுனில் சேர்ப்பதாகச் சொன்னாள். டவுன் பள்ளிக்கூடத்து அதிபர் தன்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்தவர், இடத்துக்குப் பயமில்லை என்றாள். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருக்கும் கணவன் இராகுலன், ஊரைத் திருத்துவதற்கு வீட்டுப் பிள்ளைதானா கிடைத்தது என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனான். விது புத்தகத்தை மூடி வைத்தாள்.

“ஒரு வருசமெண்டா சரி,” என்றாள்.

ஒரு பொய்யும் இல்லாமல் சொல்வதென்றால், அந்தப் படிப்பு நல்ல படிப்புத்தான். ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளியும் ரிப்கா, ஆறாம் மாதம் பள்ளிக்கூடத் தொலைபேசியில் வெள்ளைக்காரன் ஒருவனுக்கு ஆங்கிலத்தில் வழி சொன்னாள். தகப்பனோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இன்ஷாப் கணினியைக் கழற்றிப் பூட்டினான். விது எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அறைக்குள் இருந்து உயிரியல் படித்தாள். மூத்த மாணவி ஒருத்தியிடம் வாங்கிய குறிப்புக் கொப்பிகள். கிழமைக்கு ஓர் அத்தியாயம். டவுன் வகுப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் தானும் நின்றாள்.

வருட முடிவில் இருபத்திநான்கு பேரில் இரண்டு பெட்டைகளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான். இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி வகுப்பை எண்ணிப் பார்த்தார். இந்த முதல் வகுப்பின் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கினால் பிரிவை மூடச் சொல்லித்தான் எழுதவேண்டி வரும் என்று தேத்தண்ணீர் குடித்தபடியே சொன்னார்.

விதுவோடு சேர்த்து இருபது.

அடுத்த நாள் காலை விது அதிபர் அறைக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகளைப் போலவே கதவில் தட்டி, அனுமதி கேட்டு, மேசைக்கு முன்னால் நின்றாள். கையில், டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறுவதற்கான விடுகைப் பத்திர விண்ணப்பம். எல்லாம் நிரப்பியிருந்தாள். அதிபரின் கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஜெயரூபி பேனாவை எடுத்தாள். சன்னலுக்கு வெளியே ரிப்கா புதிதாகச் சேர வந்த பிள்ளைகளுக்கு மேசை விரிப்பு மடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்தாள்.

“இன்னும் ஒரு வருசம் விது. நீ போனா மற்றப் பத்தொன்பது பேரும் நடுத்தெருவில.”

இன்னும் ஒரு வருடம் பிந்தினால் டவுன் வகுப்பில் இடம் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விது தாளை நான்காக மடித்தாள்.

“அப்ப நான் உங்களுக்கு இருபதாவது ஆள். அவ்வளவுதானேம்மா?”

ஜெயரூபி வருகைப் பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். 

அன்று பின்னேரம் குறிப்புக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்த ஒழுங்கையில் இருக்கும், உயிரியல் படிக்கிற தயாளினிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள் விது. வந்து சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவினாள், படுத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு குழப்படியும் செய்யவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஜெயரூபி தாங்கியிருப்பாள். கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காதது எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யார் யாரோடு கோபம், எந்த ஆசிரியை எப்படி நடக்கிறாள் என்று குசினிக்குள் நின்று நடித்துக் காட்டுகிற வாய் மூடிக்கொண்டது.

இருபது பேரும் சான்றிதழ் எடுத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. ரிப்காவின் முதல் சம்பளத்தன்று பரீதா பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஜெயரூபியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயரூபியும் அழுதாள். சந்தோசத்தில் அழுகிறா என்று பரீதா நினைத்துக்கொண்டாள்.

விதுவுக்கு நிலாவெளியில் கடலோர ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து அரை மணித்தியால பஸ் ஓட்டம். அவள் ஊழியர் விடுதியில் தங்கிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்துக் கல்விப் பணிப்பாளர், மாவட்டத்தில் எட்டு அதிபர்களைத் தெரிந்தெடுத்து அதே ஹோட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். அவர்களுடைய பள்ளிக்கூடங்களிலும் பிரிவு தொடங்க வேண்டும், ஜெயரூபிதான் அவர்களுக்கு வழி சொல்ல வேண்டும்.

ஜெயரூபி முக்கால் மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டாள். பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. உயர்தரப் பரீட்சையைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே வெளியாளாக எழுதலாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தானே நிரப்பியிருந்தாள். பிள்ளையின் கையொப்பம் ஒன்றுதான் பாக்கி. கடைசித் திகதி வெள்ளிக்கிழமை.

குசினிக்குப் போகும் நடையில் வைத்து நீட்டினாள். டியூசனுக்கு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். வேலையை விட்டுவிடச் சொன்னாள். இரண்டு வருடம் பிந்தினால் என்ன, எத்தனை பேர் பிந்தி எழுதியிருக்கிறார்கள் என்றாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

விது தாளை முழுவதும் வாசித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

“அந்தப் புத்தகத்தை மறக்கிறதுக்கு நான் சரியாக் கஷ்டப்பட்டனான் அம்மா. திரும்பவும் ஆசைப்பட என்னால ஏலாது.”

“நான் செய்தது பிழை விது.”

“ஓம்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “ஆக்கள் வந்திட்டினம். நான் போகோணும்.”

சாப்பாட்டு மேசையில் பணிப்பாளர் விதுவைக் காட்டி, அதிபரின் சொந்த மகள் என்றார். எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்திருந்த இளம் அதிபர் வினோதன் கரண்டியை வைத்துவிட்டார். தன் மகளும் இந்த வருடம் பதினோராம் வகுப்பு என்றார். தானும் அவளையே முதலில் சேர்த்தால்தான் ஊர் நம்பும் போலிருக்கிறது என்றார். பிறகு விதுவிடம் நேராகவே கேட்டார்.

“தங்கச்சி, இதைப் படிச்சதில சந்தோசமோ?”

“சந்தோசம் சேர்,” என்றாள் விது. ஹோட்டலில் பழக்கிய சிரிப்பு முகத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. இன்னொருவருடைய கிளாசுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

மேசை முழுக்கத் தலையாட்டியது. ஜெயரூபி சும்மா இருந்திருக்கலாம். எட்டுப் பள்ளிக்கூடம், எத்தனையோ ரிப்காக்கள். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

“வினோதன், படிப்பில ஒரு பிழையும் இல்லை. கட்டாயம் தொடங்குங்கோ. ஆனா மகளிட்டக் கேட்டுப்போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கோ. அவ மாட்டனெண்டா விட்டிடுங்கோ. நான் என்ர பிள்ளையைக் கேக்கேல்லை. அவ உயிரியல் படிக்க இருந்தவ. நான்தான் மறிச்சனான்.”

 விதுவின் கையில் தண்ணீர்க் குவளை சரிந்த மேனிக்கு அப்படியே நின்றது. ஜெயரூபி மகளின் முதுகைப் பார்த்தாள். திரும்பினால் போதும், அழுதாலும் திட்டினாலும் போதும். குவளை மறுபடி மெல்லச் சரிந்தது. கிளாஸ் நிறைந்தது. விது அடுத்த கதிரைக்குப் போனாள். பணிப்பாளர் செருமிவிட்டு மீன் குழம்பு பிரமாதம் என்றார்.

இரண்டரை மணிக்கு எல்லோரும் புறப்பட்டார்கள். விது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து, ஒரே அளவான குரலில் சொன்னாள்.

“நன்றி. திரும்பவும் வாங்கோ.”

ஜெயரூபி வேண்டுமென்றே கடைசியாக வந்தாள். நின்றாள்.

“நன்றி,” என்றாள் விது. “திரும்பவும் வாங்கோ.”

“போயிட்டு வாறன்,” என்றாள் தாய். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, விது போய்விட்டாள்.