இரண்டு பச்சைப் பொத்தான்கள்

கதவுக் கீல் அடிக்கும் பட்டறையில் அன்று அவளுக்கு இருந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எல்லாம் கட்டியவனால் வந்த வினை. பட்டறைக்கு அவன்தான் மெக்கானிக். போன வாரம் பதின்மூன்று பிரஸ் மெஷின்களிலும் கால்மிதியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை வைத்துவிட்டான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். வேலை நத்தையாக நகர்ந்தது. பெண்கள் அவனுக்கு ‘ஆமை’ என்று பேர் வைத்தார்கள். ஏச்சுப்பேச்சு மட்டும் இவளுக்கு.

“ஒன் வீட்டுக்காரருக்கு நம்ம மேல அப்படி என்னடி கோவம்?”

பட்டறையிலேயே வேகமான கை என்று பேர் வாங்கியவள் அவள். மூன்று நாளாக வீட்டில் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. தட்டை ணங்கென்று வைப்பாள், அவ்வளவுதான்.

மதியம் ஒரு யோசனை உதித்தது. பெட்டி அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து நாலாக மடித்து, வலது பொத்தானை அமுக்கி அதன் விளிம்பில் செருகினாள். பொத்தான் அமுங்கியபடியே நின்றது. இனி இடது கை அமுக்கும், வலது கை தகட்டைப் பார்த்துக்கொள்ளும். எங்கிட்டயா, என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. வலது கையால் நேராக்கினாள். அதற்குள் இடது கை, பழக்கதோஷம், அமுக்கிவிட்டது. மெஷின் அசையவில்லை. “சனியனே, ஒனக்கு என்ன கேடு?” என்று இன்னொரு தரம் அமுக்கினாள். மூன்றாம் தரமும் அமுக்கினாள். அப்புறம்தான் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

நாலு விரலும் அச்சுக்கு அடியில் இருந்தன. தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து உருவுவதுபோல மெல்ல வெளியே எடுத்தாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு கணவன் இருந்த மூலைக்குப் போனாள். அவன் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“இத வச்சு ஒரு பொத்தான அமுக்கி வச்சா மெஷின் ஏன் ஓடல?”

அவன் வேலையிலிருந்து நிமிரவில்லை. “ஓடாது. ரெண்டும் அர நொடிக்குள்ள சேந்து அமுங்கணும். அட்ட, டேப்பு, முழங்கை, தாடை, எல்லாத்தாலயும் ஏமாத்திப் பாத்துட்டேன். ரெண்டு ஞாயித்துக்கெழம இங்கதான கெடந்தேன்.”

“எதுக்கு?”

“அவசரத்துல மனுசங்க என்னென்ன பண்ணுவாங்கன்னு தெரிய வேணாமா? நானே பண்ணுவேனே.”

அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஊர் சுற்றப் போய்விடுகிறான் என்று வாய் ஓயாமல் திட்டியவள் அவள். அவனோ ஆளில்லாத பட்டறையில் உட்கார்ந்து, அவளாகவும் மற்ற பன்னிரண்டு பேராகவும் மாறி, அவர்கள் செய்யப்போகும் கிறுக்குத்தனத்தை எல்லாம் அவர்களுக்கு முந்தியே செய்து பார்த்திருக்கிறான். இன்று மதியம் அவளுக்கு உதித்த யோசனை அவனுக்கு எப்போதோ உதித்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டாகிவிட்டது. அம்மாடி, இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம்!

“யாரு செருகுனது அத?” என்று கேட்டான்.

“நாந்தான். கை உள்ள இருந்துச்சு.”

ஸ்பேனர் கீழே விழுந்தது. எல்லாவற்றையும் யோசித்தவன், உள்ளே இருக்கப்போவது இவள் கை என்பதை மட்டும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து அவள் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். சுண்டுவிரலுக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அவன் கையில் இருந்த கிரீஸ் அவள் விரல்கள் ஐந்திலும் கறுப்பாகப் படிந்துகொண்டே வந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.