இறக்கத்தில் நியூட்ரல்

"என்ன வேணும்னாலும் எங்கிட்ட கேளு கிருஷா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்காத."

"அது என்னது?"

"உங்கப்பா வீட்டுக்கு வாங்கன்னு என்னைக் கூப்பிடாத. நீ போ, நாலு நாள் இருந்துட்டு வா, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நான் வரமாட்டேன்."

"சரி. கேக்கமாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னங்க இருக்கு? பசிக்குது. முதல்ல ரோல்ஸ் சொல்லுங்க."

மூன்று வருடங்களுக்கு முன், பதிவுத் திருமணம் முடிந்த அன்று, ஹட்டனில் ஒரு பேக்கரியின் மாடியில் பேசியது. அன்றைய பசியிலும் சந்தோஷத்திலும் கிருஷாந்தி எதற்கும் சரி சொல்லியிருப்பாள். அந்த ஒரு சரி இப்படி நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியாது.

தனுஜன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஹட்டன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம் அவனுடையது. பெண் கேட்டுப் பூண்டுலோயாவுக்குத் தனியாகப் போனவனை அவளுடைய அப்பா வீரய்யா உட்காரச் சொல்லவில்லை. தூறலில் வாசலிலேயே நிற்க வைத்து, அக்கம்பக்கம் கேட்க, "கடைக்காரப் புள்ளைக்கு எதையும் நிறுத்துத்தான் குடுக்கத் தெரியும். எம் மகள கிராம் கணக்குல நிறுக்க விடமாட்டேன்" என்றார். தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருடம் லொறி ஓட்டியவர். பஜார்க் கடைகளின் தராசுகளோடு அவருக்குப் பழைய கோபம் உண்டு. அதையெல்லாம் சேர்த்து அன்றைக்குத் தனுஜன் தலையில் கொட்டிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு கிருஷாந்தி ஒரு தடவை தனியாகப் போனாள். அப்பா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "இனி ஒத்தையா வராதம்மா. வாழாவெட்டியா வந்துட்டான்னு நாலு பேர் பேசுவாங்க. வந்தா ரெண்டு பேருமா வாங்க."

அதன்பிறகு அவள் போகவில்லை. இரண்டு ஆண்களும் தங்கள் தங்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். நடுவில் ஒரு கேள்வி மட்டும் அவளிடம் இருந்தது. அதையும் கேட்கமாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தாள்.

*

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, ஒரு மழைநாளில் தனுஜன் மார்க்கெட் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டான். காப்புறுதிக் கம்பனியில் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்தான். கார் கிருஷாந்தியின் கைக்கு வந்தது. போன வருடமே லைசன்ஸ் எடுத்திருந்தாலும், தனியாக ஓட்ட இப்போதுதான் வாய்த்தது. கினிகத்தேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் அவள் ஆசிரியை. காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம்.

அது ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார். பெற்றோல் வரிசைகள் நாளைக்கணக்கில் நீண்டிருந்த அந்த வருடம் தனுஜன் மனதில் பயம் ஒன்று ஏறிக்கொண்டது. வரிசைகள் மறைந்த பின்னும் அது மறையவில்லை. பிறகு பயம் போய் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. காரை அவன் ஓட்டுவதில்லை, தாலாட்டுவான் என்று கிருஷாந்தி கேலி செய்வாள். காலையில் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று நின்ற இடத்தில் உறுமவிடமாட்டான். முன்னால் போகும் பஸ் நிற்கப்போவதை அது நிற்பதற்கு முன்பே கண்டுகொண்டு காலை எடுத்துவிடுவான். பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல் நெடுநேரம் மெல்லத் தொடுவான். அந்த வேகமெல்லாம் கரண்டாகி பெட்டரிக்குள் போகுமாம். ஹீட்டர் போட்டால் வெந்நீருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் என்று, மார்கழிக் குளிரில் அவளுக்கு ஒரு கம்பளியைக் கொடுத்துவிடுவான். வாராவாரம் டயர்களுக்குக் காற்றுப் பார்ப்பான். இப்படியெல்லாம் செய்து மலையிலேயே லீட்டருக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் எடுத்தான். ஹைபிரிட் கார் வைத்திருக்கும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கணக்கைக் காட்டும் ஸ்கிறீனைப் படமெடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காருவான்.

கார் கிருஷாந்தியின் கைக்கு வந்த இரண்டாவது வாரமே அந்த இருபத்துமூன்று பதினெட்டுக்கு இறங்கியது.

மாலையில் கார் வரும் சத்தம் கேட்டதும் தனுஜன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவான். அவள் பையை எடுப்பதற்குள் தலையை உள்ளே விட்டு ஸ்கிறீனைப் பார்ப்பான்.

"பதினேழரை. கிருஷா, நீ இதை ஓட்டுறியா, பின்னால நின்னு தள்ளுறியா?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க ஓட்டுறேன்."

"ஹீட்டர் போட்டியா?"

"கம்பளிதான் போட்டேன்."

"குரூப்ல நிரோஷன் கேக்குறான், ஹைபிரிட்ட வித்துட்டு டிராக்டர் வாங்கிட்டியா மச்சான்னு."

"அவர வந்து ஓட்டச் சொல்லுங்க. நான் பஸ்ல போறேன்."

அவன் சிரித்தான். ஆனால் டிக்கியைத் திறந்து, அவள் ஏற்றி வைத்திருந்த பழைய வினாத்தாள் கட்டுகளை இறக்கிவிட்டான். மறுநாள் டயருக்குக் காற்றுப் பார்த்தான். அதற்கு மறுநாள் எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். எதுவும் உதவவில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவனுக்கு வேறு வேலையும் இல்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவான், திரும்பி வருவான், மறுபடி எழுவான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் பேச்சு அவளுக்கு ஞாபகம் வந்தது. கிராம் கணக்கு. இல்லை, இவர் அப்படி இல்லை என்று தனக்குள்ளேயே வாதாடுவாள். தன் ஹெல்மெட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி பைக் ஓட்டியவர். அவள் படிப்பை முடிக்கட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தவர். எதை அளந்தார்? பெற்றோலைத் தவிர.

வியாழக்கிழமை இடைவேளையில் நிலக்ஷியிடமிருந்து குரல் செய்தி வந்தது. நிலக்ஷி அவளுடைய சித்தி மகள். அப்பாவின் பக்கத்து வீடு.

"அக்கா, பெரியப்பாவுக்குத் திங்கக்கிழமை கண்டியில கண் ஆபரேஷன். உங்கிட்ட சொல்லாதன்னாரு, நான் சொல்லிட்டேன். ரெண்டு கண்ணும் மங்கிருச்சு. போன வாரம் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள்ள காலை விட்டுட்டாரு. நாங்க பஸ்ல கூட்டிட்டுப் போறோம். வேன் பிடிக்கலாம்னா, நான் என்ன பொணமான்னு கேக்குறாரு."

கிருஷாந்தி அதை இன்னொரு தடவை கேட்டாள். அதன்பின் அன்று முழுவதும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏழாம் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தினாள். சமையலறையில் உப்பை இரண்டு தரம் போட்டாள். தனுஜன் ஒரு வாய் வைத்துவிட்டு, "கறியும் பதினெட்டுதான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், கேக்கமாட்டேன் என்று சொன்ன தன் குரலே முன்னால் வந்து நின்றது. வெள்ளியும் அப்படியே போனது.

*

சனிக்கிழமை காலை கினிகத்தேனையில் எலும்பு முறிவு பார்க்கும் சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் தனுஜனைக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. அவள் ஓட்ட அவன் பக்கத்தில் உட்கார்ந்து போவது அவன் விழுந்த பிறகு அதுதான் முதல் தடவை. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, கண்ணை ஸ்கிறீனிலேயே வைத்திருந்தான்.

"நல்லாத்தான் ஓட்டுற. கால் மெதுவாத்தான் இருக்கு. அப்ப எங்கதான் போகுது பெற்றோல்?"

"குடிக்கிறேன்."

"வாய நல்லாக் கழுவு. மணக்குது."

ரயில் பாதை பக்கத்திலேயே வந்தது. றொசல்லயை நெருங்கும்போது சாலை நீளமாகக் கீழே சரிந்தது. மூடுபனி விலகி, இரண்டு பக்கமும் தேயிலை ஈரத்தோடு மினுங்கியது. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மனம் அடித்துக்கொண்டிருக்க, அவளுடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. கியரைப் பிடித்து நியூட்ரலில் தள்ளிவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

"ஏய், என்ன பண்ணின?"

"என்ன?"

"கியர். நியூட்ரல்ல போட்டுட்ட."

"இறக்கம்தானே?"

"டி-யில போடு. முதல்ல டி-யில போடு."

அவள் மாற்றினாள். தனுஜன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். பிறகு அடக்கமுடியாமல் சிரிக்கத் தொடங்கினான்.

"எல்லா இறக்கத்திலயும் இப்படித்தான் பண்ணுறியா?"

"பெற்றோல் மிச்சமாகும்னுதான்."

"அது பழைய வண்டிக்காரங்க நினைப்பு. இந்தக் கார் இறக்கத்துலதாம்மா சம்பாதிக்கும். நீ டி-யில விட்டுக் காலை எடுத்தா எஞ்சின் நின்னுரும், சக்கரம் சுத்துற சுத்துல பெட்டரி ஏறும். சாயங்காலம் ஏத்தத்துல அதைத் திருப்பிக் குடுக்கும். நியூட்ரல்ல போட்டா ஒரு சொட்டு ஏறாது. பெட்டரி காலியா நின்னு, ஏத்தம் முழுக்கப் பெற்றோல்லதான் ஏறிருக்க. அது போகட்டும், முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்கியிருக்கு. சூடாகிப் பிடிக்காமப் போயிருந்தா? எந்த லேர்னர்ஸ்ல உனக்கு இதச் சொல்லிக்குடுத்தாங்க?"

"லேர்னர்ஸ்ல இல்ல."

"பின்ன யாரு?"

அம்மா இறந்த பிறகு, வீட்டில் தனியாக விடமுடியாமல் அப்பா அவளைப் பாடசாலை விடுமுறைகளில் லொறியிலேயே ஏற்றிக்கொண்டு போவார். இறக்கம் வந்ததும் கியரைத் தட்டிவிட்டு, "இனி இது கடவுள் செலவு" என்பார். லொறி சத்தமடங்கி மிதக்கும். அவள் கை அதை அங்கேதான் கற்றது. அப்பாவின் பேரை இந்தக் காருக்குள் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அப்பாதான்" என்றாள். "அவரு லொறியில அப்படித்தான் செய்வாரு."

தனுஜனின் சிரிப்பு நின்றது. வட்டவளை வரும்வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவள் எந்த இறக்கத்திலும் கியரைத் தொடவில்லை. ஸ்கிறீனில் பெட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெதமாத்தயா கட்டைப் பிரித்து எண்ணெய் பூசி மறுபடி கட்டினார். இன்னும் இரண்டு வாரத்துக்குக் காலை ஊன்றக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். நிற்காமல் இருந்தால் கார்ப் பயணம் பரவாயில்லையா என்று கிருஷாந்தி அவரிடம் கேட்டாள். பரவாயில்லை என்றார். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே உடம்பு கூசியது.

திரும்பும்போது கார் ஏற்றத்தில் சத்தமில்லாமல் நல்ல தூரம் போனது. தனுஜன் பழையபடி ஆகிவிட்டான். அல்லது ஆனமாதிரி காட்டிக்கொண்டான்.

"பாத்தியா, இன்னும் எஞ்சின் வரல. இருபத்தொண்ணு காட்டுது. திங்கக்கிழமை என்ன செய்யுற, டேங்க்க நிரப்பி எல்லாத்தையும் சைபர் பண்ணிட்டுக் கிளம்பு. போறப்பவும் வர்றப்பவும் டி. சாயங்காலம் படம் எடுத்து நிரோஷனுக்கு அனுப்புறேன். டிராக்டராம்."

"திங்கக்கிழமை முடியாது."

"ஏன், ஸ்கூல் லீவா?"

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே முந்திப் போனது. றொசல்ல தாண்டி, கொழுந்து மூட்டைகளை லொறியில் ஏற்றுவதற்காகச் சாலையோரம் அகலமாக விட்டிருந்த இடத்தில் அவள் காரை ஒதுக்கி நிறுத்தினாள்.

"என்ன கிருஷா? ஏன் நிப்பாட்டுன? சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"கார்ல ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"அப்பாவுக்குத் திங்கக்கிழமை கண்டியில கண் ஆபரேஷன். பஸ்ல போகப்போறாராம்."

அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "யாரு சொன்னா?"

"நிலக்ஷி. வியாழக்கிழமை."

"மூணு நாளா உள்ளுக்குள்ளேயே வச்சிருந்தியா?"

"மூணு வருஷமா."

அவன் மெதுவாக, "நீ கார எடுத்துட்டுப் போ. அதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? பெற்றோலா பெரிசு?" என்றான்.

"பெற்றோலப் பத்தி நான் பேசல. நான் ஒத்தையாப் போய் நின்னா அவரு ஏறமாட்டாரு. உங்களுக்கும் தெரியும்."

"அவரு என்னை எப்படி நிக்கவச்சாருன்னு உனக்குத் தெரியாது கிருஷா. நீ அங்க இல்ல."

"தெரியும். ஊரே சொல்லுச்சு. அவரு பேசுனது தப்பு. அதை நான் அவருகிட்டயே சொல்றேன், உங்க முன்னாலயே. ஆனா இந்தத் தடவை அவரால உங்கள நிக்கவைக்க முடியாதுங்க. நீங்க நின்னா வெதமாத்தயா நம்மள வெரட்டுவாரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றி, முழுதாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கேக்கமாட்டேன்னு சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. இப்பக் கேக்குறேன். எங்கப்பா வீட்டுக்கு என்கூட வாங்க."