எங்கே, செய்து காட்டச் சொல்

கதவைத் திறந்த உடனேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஹாகனுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. டுலூத் நகரில் பாதி வாடகை வீடுகளை ஆட்டிவைத்த அந்தக் குரல் இப்போது கம்மிப்போயிருந்தது. என் வீட்டு மாடி காலி என்று கேள்விப்பட்டு வந்தானாம். பக்கத்தில் சிவப்புச் சட்டை மாட்டிய பழுப்பு நிற லாப்ரடார்.

"வளக்குற நாய் இல்ல மேடம், சேவை நாய். ரொம்ப சாது," என்றான், நான் கேட்பதற்கு முன்பே.

சமையலறை மேசையில் உட்காரச் சொன்னேன்.

இதே வார்த்தைகளை என் கணவர் ஓரின் இவனிடம் சொல்லியிருக்கிறார். ஓரினுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். மயக்கம் வருவதற்குள் அவர் நாய் டூலி மோப்பம் பிடித்து அவர் முழங்காலைப் பிறாண்டிவிடும். அப்போது நாங்கள் வீடு கேட்டுப் போன கட்டடத்துக்கு ஹாகன்தான் மேலாளர். "அப்படியா? எங்க, இப்ப செஞ்சு காட்டச் சொல்லுய்யா, பாப்போம்," என்றான். சர்க்கரை இறங்கினால்தானே நாய் செய்யும்? டூலி உட்கார்ந்து வாலை ஆட்டியது. அவன் சிரித்தான். நாயை விட்டுவிட்டு வந்தால் வீடு என்றான். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பனிக்காலம் நெருங்கிவிட்டதால் டூலியை ஓரினின் அக்காவிடம் விட்டோம். அந்தக் குளிரிலேயே, நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரவு வேலைக்குப் போயிருந்தபோது, ஓரின் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். எழுப்ப யாருமில்லை.

"சட்டப்படி நான் கேக்கக்கூடியது ரெண்டே கேள்விதான்," என்றேன். "உடம்புக்கு முடியாததாலதான் நாயா?"

"ஆமா மேடம்."

"என்ன செய்யப் பழக்கியிருக்கீங்க?"

"சர்க்கரை இறங்குனா சொல்லும்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்கே, செய்து காட்டச் சொல் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இத்தனை வருஷம் வயிறெரிந்து கிடந்தேன்!

நான் வாயைத் திறப்பதற்குள் நாய் எழுந்து அவன் முழங்காலைப் பிறாண்டியது.

"பெர்னி, கீழ! மன்னிச்சிக்கோங்க, எப்பவும் இப்படிப் பண்ணாது."

மறுபடி பிறாண்டியது. வாரைச் சுண்டி அதை மேசைக்கடியில் தள்ளினான். வீட்டுக்காரி கண்ணுக்கு நாய் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டுமே! அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்தாலே போதும். இருந்தேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாடியில் சூடு நன்றாக வருமா என்று கேட்க ஆரம்பித்தவனுக்குப் பாதியில் நாக்குக் குழறியது. பெர்னி அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்து, என் முழங்காலைப் பிறாண்டியது.

எழுந்துபோய் ஒரு டம்ளரில் ஆரஞ்சுச் சாறு ஊற்றிக்கொண்டு வந்தேன். அவன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்து, டம்ளரிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்தேன்.

"எம் புருஷன் பேரு ஓரின். அவர் நாய் டூலி. செஞ்சு காட்டச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு வெகுநேரம் அசைந்தது.

"கறுப்பு நாய்," என்றான். "ஒரு காது... மடங்கியிருக்கும்."

காதைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மேசை விரிப்பின்மேல் அவன் கை டம்ளரை நோக்கி ஊர்ந்து வந்தது. டம்ளரைப் பிடித்திருந்த என் விரல்கள் சில்லிட்டுப்போயிருந்தன. நாய் என் முழங்காலைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.