பன்னிரண்டடி அறையில் மீதமிருந்த சத்தம்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த பன்னிரண்டடி அறை, அவன் மனைவி தரையிலிருந்த பச்சைப் பெட்டியைக் காலால் அழுத்தியதும் ரயில் நிலைய நடைமேடை அளவுக்கு நீளும். மறுபடி அழுத்தினால் பன்னிரண்டடிக்கே திரும்பிவிடும். வீட்டுக்காரர் டேப்பும் கையுமாக வந்து வெளிப்பக்கம் அளந்து பார்த்தார். ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, பக்கத்து வீட்டுக் கட்டிலும் நகரவில்லை என்றதும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெட்டி, கிடார் சத்தத்துக்கு எதிரொலி சேர்க்கும் பெடல். தெருப் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த அவள், ஊரை விட்டுப் போன ஒரு பாட்டுக் குழுக்காரரிடம் அதைப் பழைய பொருளாக வாங்கியிருந்தாள். பெயின்ட் உரிந்திருந்தது. மூன்று திருகுகளில் ஒன்றின் மேல் யாரோ நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தார்கள். பெரிய இடத்தில் வாசிப்பதுபோல் சத்தத்தை மாற்ற வேண்டிய பெட்டி இடத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டது. பழைய பொருள் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கூடவே இருந்த அவள் அப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காலை நடையை அறைக்குள்ளேயே முடித்துக்கொண்டார்.

அந்த நீள அறையில் சத்தம் அவசரப்படாது. கடைசிச் சுவர் வரை சாவகாசமாகப் போய், போன வரிசையிலேயே திரும்பி வரும். வந்து சேரும் முன் பெட்டியை நிறுத்திவிட்டால் மீதி அறைக்குள்ளேயே தங்கி, அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு முறை கேட்டது கேட்டதுதான், திரும்ப வராது. “நேத்து பசங்க வாசிச்ச தப்பு, அப்பாவோட இருமல், எல்லாம் காலைல வந்து வாசல்ல நிக்குது பாருங்க” என்று அவள் கணவனிடம் அலுத்துக்கொள்வாள். பெட்டி ஓடியது ஒன்பது வோல்ட் பேட்டரியில். கிடார் ஒயர் செருகியிருக்கும் வரை, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அதனால் விளக்கை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை, ஒயரை உருவினாயா என்றுதான் கேட்பார்கள். மெக்கானிக்குக்குப் பேட்டரி மேல் நம்பிக்கை கிடையாது. ஓர் அடாப்டர் வாங்கிவந்து, இந்தப் பெட்டிக்கு முனையின் நடுவில் நெகட்டிவ் வர வேண்டும் என்பதை இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினான். பெட்டியிலிருந்த சிறு சிவப்பு விளக்கு எரிந்தது, அறையும் நீண்டது. ஆனால் அறை முழுக்க ஓர் இரைச்சல், தேன்கூட்டுக்குள் தலையை விட்டதுபோல். “இது உங்க லிஃப்ட் இல்லங்க. எனக்கு பேட்டரியே போதும்” என்றாள். கழற்றி வைத்தான்.

ஒரு மாலை, பாட்டு பாதியில் இருக்கும்போதே பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கி, கடைசிச் சுவர் மெதுவாகக் கிட்டே வரத் தொடங்கியது. அவள் கிடாரைச் சாய்த்து வைத்துவிட்டு முனைக் கடைக்குப் போனாள். திரும்பும்போது, பின்னால் பார்க்காமல் பின்னோக்கி வந்த ஒரு தண்ணீர் லாரி அவள் மேல் ஏறியது. மருத்துவமனையில் கொடுத்த உறையில் அவள் கைக்கடிகாரமும், காகிதம் பிரிக்காத ஒரு பேட்டரியும் இருந்தன.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மெக்கானிக் பெட்டியின் முன் உட்கார்ந்தான். அவள் கடைசியாக வாசித்தது உள்ளேதான் இருக்கிறது, அது அவனுக்கு வேண்டும். அந்தப் பேட்டரியின் காகிதத்தைப் பிரிக்கக் கை வரவில்லை. பழைய அடாப்டர் எங்கே போனதென்றும் தெரியவில்லை. வேலையிடத்திலிருந்து அவசர விளக்கின் அடாப்டரைக் கொண்டுவந்து செருகினான். கம்பிக் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் லிஃப்டை நகர்த்தாதவன், அன்று முனையைத் திருப்பிப் பார்க்கவில்லை. லேசாக ஒரு கருகல் வாசனை வந்தது. விளக்கு எரியவில்லை. அறை பன்னிரண்டடியாகவே கிடந்தது.

மாமனார் அழுது முடித்துவிட்டுக் குத்திக்காட்ட ஆரம்பித்தார். பத்து பேரை ஏழாவது மாடிக்குத் தூக்குகிறவனுக்குக் கடுகளவு விளக்கை எரிய வைக்கத் தெரியவில்லை என்று சாப்பாட்டுக்கு நடுவில் சுவரிடம் சொல்வார். மெக்கானிக் ஒயரை மாற்றிப் பார்த்தான். பேட்டரிக் கொக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், ஒயர் செருகும் துளைகளின் நட்டை இறுக்கினான், கால் சுவிட்சைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினான். அப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. கடைசியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை அம்மாவிடம் கொண்டுபோனான். அவர் மீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்ததும் அது கத்தியது. மிளகை விடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புத் துண்டை வெட்டி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “டயோடு. கரண்ட் தலைகீழா வந்தா, தான் செத்து மத்தத காப்பாத்தும். அதுக்குத்தான் வெச்சிருக்காங்க. வேற எதுவும் போகல” என்றார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டான். அம்மா மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டார். புது டயோடு வைத்துச் சோதித்தபோது கடை நீண்டுவிட்டது. அவள் பாட்டு வீட்டு அறையில் தங்கியிருந்ததால் இங்கே வரவில்லை. டீ கொண்டுவந்தவர் மேசைக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிப்போய், அவர் கோபித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் வாங்கிய பேட்டரியின் காகிதத்தைப் பிரித்தான். மாமனார் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறை நீண்டது. கடைசிச் சுவரிலிருந்து, விட்ட இடத்திலிருந்து, அவள் வாசித்தது நடந்து வந்தது. ஒரு வரி வந்ததும் மெக்கானிக் ஒயரை உருவிவிட்டான். மாமனார் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தினமும் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்கக் கேட்கத் தீர்ந்துவிடும், வாரத்துக்கு ஒரு வரி போதும் என்பது இவன் கட்சி. இவன் வேலைக்குப் போனதும் அவர் திருட்டுத்தனமாகத் திறந்து கேட்டார். மாலையில் இவன் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பான். சுருக்கென்று கடிப்பது குறைந்திருக்கும், அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் வாய் திறக்கமாட்டான், ஏனென்றால் அவர் மருந்து வாங்கப் போகும்போது அவனும் அதையேதான் செய்தான். மற்றபடி அறை திறந்திருக்கும்போது இருவரும் இருமுவதுகூட இல்லை. அவளுடையதோடு வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது. இப்படி ஒரு பாட்டு ஆறு வருஷம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு பாதியில் நின்றது, அவள் நிறுத்திய இடத்தில். கிடாரைச் சாய்த்து வைக்கும் மரச்சத்தம் வந்தது. மாமனார் தன் வயதுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்து ஒயரை உருவினார். சுவர் திரும்ப அருகே வந்து நின்ற பிறகுதான் அவர் பேசினார்.

“இதுக்கப்புறம் பாட்டு இல்ல மாப்பிள்ள. அவ பேசுனதுதான்.”

“என்ன பேசுனா மாமா?”

“செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா. ‘அப்பா, ஒயர உருவிடுங்க, இதோ வந்துடுறேன்’னு. சொன்னவுடனே உருவிட்டேன். என் பொண்ணு சொன்னத நான் என்னைக்கு தட்டியிருக்கேன்?”

மெக்கானிக் பேட்டரியைக் கழற்றினான். உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்துவிடும். அதன் பிறகு இருவரில் யாரும் அறையைத் திறக்கவில்லை. மெக்கானிக் வேலைக்குப் போகும்போது மாமனார் பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துடைப்பார். அவர் தூங்கிய பிறகு இவன் வந்து, ஏற்கெனவே உருவிய ஒயரை உருவியிருக்கிறதா என்று பார்ப்பான். கேட்பதே நின்றதால் தினமா வாரமா என்ற சண்டையும் நின்றது.

வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஆணியோடு வந்தபோது, அந்தக் கடைசிச் சுவர் மட்டும் வேண்டாம், உள்ளே ஒருத்தி ‘இதோ வந்துடுறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை என்றார்கள் இருவரும். பேசும்போது குறுக்கே தட்டுவது மரியாதை இல்லைதான் என்று சொல்லி, அவர் காலண்டரைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.