வேண்டாம் என்றொரு கட்டம்

பேச்சு டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய அனுப்பியிருக்கிறார்கள் என்றே தலைமை ஆசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா கணீர்னு பேசற மாதிரி ரெண்டு பேர தேத்திக் குடுங்கம்மா.”

“சார், நான் பேச்சு வராத பிள்ளைங்களுக்கு வந்திருக்கேன்.”

“அதத்தானே நானும் சொல்றேன்? இங்க ஒருத்தனுக்கும் மேடையேறினா பேச்சே வரமாட்டேங்குது!”

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் வேறு பள்ளிக்கூடங்கள். எங்கே போனாலும் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. எங்களிடம் கிடைத்தது விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகளுக்கும் கால் உடைந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டார். திக்குகிறவன், ‘ர’ வராதவள், மூக்கால் பேசுகிறவன் என்று ஒவ்வொருவராகப் போய் அந்தக் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒழுங்கீனம் நடப்பது போலத்தான் தெரியும்.

நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பிலிருந்து அங்கே போகிறவள் சின்னவள். அவளுடைய அக்கா இதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கிறாள், அதனால் இவள் எல்லோருக்கும் சின்னவள். அக்காக்காரிக்கு வாய் ஓயாது. தங்கைக்கு ஒரு சொல்கூட வராது. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும், சிரிப்பாள், அழுவாள். கூடவே கடிப்பாள். என்னை மூன்று முறை கடித்திருக்கிறாள். கையில் தழும்பு இருக்கிறது, பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காட்டுவேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு பையனைக் கன்னத்தில் கடித்து வைத்தாள். பையனின் அப்பா சும்மா விடுகிற ஆள் இல்லை. நேரே கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றுவிட்டார். அதிகாரி வந்து பார்ப்பார், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்று அவருக்குப் பட்டால், வெளியூரில் விடுதியோடு இருக்கிற தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தகவல் வந்தது.

சின்னவளின் அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சேலையில் ஒட்டிய நூல் துணுக்குகளோடு அப்படியே ஓடி வந்தார்.

“ராத்திரி என் கையப் பிடிச்சாத்தான் டீச்சர் அவளுக்குத் தூக்கமே வரும். அங்க போய் யார் கையப் பிடிப்பா? ராத்திரி பயந்துக்கிட்டான்னா யார்கிட்டச் சொல்லுவா?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடிபட்டவள் நான். இதை எப்படிச் சமாளிப்பது என்று பேச்சு டீச்சரைக் கேட்டேன்.

சின்னவளின் கழுத்தில் தொங்கும் அட்டையை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் அவளை வைத்திருந்த டீச்சரும் நானும் சேர்ந்து செய்த படஅட்டை அது. தண்ணீர், பசி, பாத்ரூம், பென்சில், ப்ளீஸ், சாரி, நன்றி எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். சின்னவள் விரலால் தொட்டுக் காட்டுவாள், நாங்கள் செய்வோம்.

“இதுல வேண்டாம் எங்க இருக்கு?” என்றார்.

“எதுக்கு அது?”

“நாம கேக்க ஆசைப்படறத மட்டும் ஒட்டிக் குடுத்திருக்கோம் டீச்சர். அவ எதாவது பிடிக்கலன்னா எப்படிச் சொல்லுவா? கடிக்கறதுதான் அவளோட வேண்டாம்.”

“நாப்பது பேர் இருக்கற வகுப்பு இது. ஒருத்திக்கு வேண்டாம்னு சொல்லக் கத்துக்குடுத்தா அப்புறம் என் கதி?”

“மத்த முப்பத்தொன்பது பேரும் வாயால சொல்லிட்டுத்தானே இருக்காங்க?”

வாதாடுவதில் பேச்சு டீச்சர் எமகாதகி. புது அட்டையில் பழைய கட்டங்களோடு, சிவப்புக் கட்டத்தில் விரித்த உள்ளங்கை ஒன்றும் வந்தது. வேண்டாம். பக்கத்தில் சரி, வலிக்குது, போதும். கீழே அம்மா, அக்கா, டீச்சர் என்று எங்கள் மூன்று பேருடைய புகைப்படங்கள். நான் கொடுத்தது ஸ்டூடியோவில் எடுத்த நல்ல படம்.

அதைச் சொல்லிக்கொடுத்த விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்குப் பிடிக்காததாகப் பார்த்துப் பார்த்து நீட்டுவார். கையெல்லாம் ஒட்டுகிற பசை, ஈரக் களிமண், இரைச்சல் போடுகிற பொம்மை. அவள் முகத்தைச் சுளித்ததும் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தொட வைப்பார். தொட்ட அடுத்த நொடி பொருள் மறைந்துவிடும். கெஞ்சல் கிடையாது, ‘ஒரே ஒரு தடவை’ கிடையாது. வகுப்பிலும் நான் அப்படியே செய்ய வேண்டுமாம். அதோடு இன்னொரு விதி: கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் விரல் அட்டையைத் தேடும்வரை, எவ்வளவு நேரமானாலும். கேட்ட கேள்விக்கு நானே பதிலும் சொல்லிப் பழகியவள் நான். வாத்தியார் வேலையில் பாதி அதுதானே! நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் நடந்தது கூத்து. கணக்கு, வேண்டாம். வரிசை, வேண்டாம். பாட்டு, வேண்டாம். மழை பெய்தது, அதையும் பார்த்து வேண்டாம் என்றாள். தலைமை ஆசிரியர் வந்து “குட் மார்னிங்” சொன்னார். அதற்கும் கை சிவப்புக் கட்டத்துக்குத்தான் போனது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நானோ தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அவள் யாரையும் கடிக்கவில்லை.

அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் அவர், தலைமை ஆசிரியர், சின்னவளின் அம்மா, பேச்சு டீச்சர், நான். சின்னவள் அம்மாவின் மடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி அவள் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா, இந்த ஸ்கூல்லயே இருக்கியா?”

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். சின்னவளின் விரல் அட்டையின் மேல் நகர்ந்தது. போய் நின்ற இடம் சிவப்புக் கட்டம். வேண்டாம்.

அம்மாதான் முதலில் அலறினார்.

“ஐயோ, தெரியாமத் தொட்டுட்டா சார்! அவ எல்லாத்துக்குமே அதத்தான் தொடுவா. டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர், தெரியாமத்தானே தொட்டா?”

பேச்சு டீச்சர் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். சொன்னால், இத்தனை நாள் அவர் சொல்லிக்கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை விடுதிக்குப் போகும்.

“இல்லம்மா. தெரிஞ்சுதான் தொட்டா.”

“அடிப்பாவி!” என்று அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். அது மகளுக்கா டீச்சருக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி எழப் போனார்.

“சார், கொஞ்சம் இருங்க. அவ இன்னும் முடிக்கல. விரல எடுக்கல பாருங்க.”

உண்மைதான். விரல் அட்டையை விட்டு எழவில்லை. மறுபடியும் காத்திருந்தோம். தலைமை ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார், பேச்சு டீச்சர் அவரை ஒரு முறை முறைத்தார். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. அம்மாவைத் தாண்டியது. அக்காவைத் தாண்டியது. என் ஸ்டூடியோ படத்தின் மேல் போய் நின்றது.

பிறகு யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்பது போல மறுபடி தொட்டாள். வேண்டாம். டீச்சர்.

“சார்,” என்றார் பேச்சு டீச்சர். “இது வரைக்கும் ஒரு ஒரு கட்டமாத்தான் தொட்டிருக்கா. ரெண்ட சேர்த்து இன்னைக்குத்தான் மொதல் தடவ சொல்றா.”

அவருக்குச் சந்தோஷம்! எனக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. இவளுக்கு மூக்குத் துடைத்தவள் நான். பாத்ரூமுக்குக் கூட்டிப்போனவள் நான். கடிபட்ட கையோடு, அடுத்த நாளும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவள் நான். “சார், அவளுக்குப் புரியல, என்னை அவளுக்கு ரொம்பப்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

பேச்சு டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். நான் முடிக்கவில்லை.

“ஏன் வேண்டாம்னு கேட்டுப் பார்க்கலாமா?” என்றார் அதிகாரி.

“கேக்கலாம் சார். ஆனா காரணம் சொன்னாத்தான் வேண்டாம் செல்லும்னு ஆக்கிடாதீங்க.”

அதிகாரி கொஞ்சம் யோசித்து மறுபடி குத்துக்காலிட்டார். “பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட இருக்கியா பாப்பா? இதே ஸ்கூல்தான். அக்காவும் இங்கதான்.”

இந்த முறை அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சரி.

“அப்போ சரி,” என்று எழுந்தவர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். “தனக்கு எது வேண்டாம்னு இவ்ளோ தெளிவாச் சொல்ற பிள்ளைய எதுக்குங்க வெளியூருக்கு அனுப்பணும்? வகுப்ப மாத்துங்க, போதும்.” பிறகு என்னிடம், “உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?”

“இல்ல சார்.”

எல்லோரும் எழுந்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் பதறிப்போய்விட்டார்.

“மனசுல எதையும் வச்சுக்காதீங்க டீச்சர், குழந்த. ஏய், டீச்சருக்கு சாரி சொல்லுடி!” என்று சின்னவளின் விரலைப் பிடித்து அட்டைக்கு இழுத்தார்.

“விடுங்கம்மா,” என்றேன். “அவளே சொல்லட்டும்.”

அவர் கையை விட்டார். நான் சின்னவள் முன்னால் குனிந்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். விரல் அட்டையின் ஓரத்தில் இருந்தது. அவள் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். தலைமை ஆசிரியர் அதிகாரியை வழியனுப்பப் போனார், பேச்சு டீச்சர் பையை மூடினார், அம்மா கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

சின்னவள் அட்டையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.